கூரைக்கு வாங்கிய பணம் கூரைக்கே: ஹெச்.ஓ.ஏ. கணக்குகளைப் பிரிப்பது எப்படி?

கேள்வி:

வணக்கம். கலிஃபோர்னியாவில் 84 டவுன்ஹோம்கள் உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். சென்ற தேர்தலில் யாரும் முன்வராததால் எங்கள் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) போர்டில் பொருளாளர் ஆனேன். மென்பொருள் வேலை பார்ப்பவன், கணக்கியல் படித்தவன் இல்லை.

வீட்டுக்கு மாதம் 420 டாலர் வசூலிக்கிறோம். அதில் 110 டாலர் ரிசர்வுக்கு (கூரை, சாலை போன்ற பெரிய வேலைகளுக்கான சேமிப்பு) என்று பட்ஜெட் சொல்கிறது. மேனேஜ்மென்ட் கம்பெனி அனுப்பும் பேலன்ஸ் ஷீட்டில் ரிசர்வ் 4,13,000 டாலர். வங்கி ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் 3,68,000 தான் இருக்கிறது. விசாரித்ததில், போன வருடம் இன்சூரன்ஸ் பிரீமியமும் தண்ணீர் பில்லும் கட்ட 14,000, 9,000, 22,000 என்று மூன்று தடவை ரிசர்விலிருந்து எடுத்தோம் என்றார்கள். மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இது போக, கூரைகளை மாற்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, வீட்டுக்கு 1,500 டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (மாதக் கட்டணம் போக, ஒரு முறை வசூல்) கொடுத்தோம். அந்த 1,26,000 டாலரும் அன்றாடச் செலவுக்கான ஆபரேட்டிங் கணக்கிலேயே போடப்பட்டது. கான்ட்ராக்டருக்கு இதுவரை 71,000 போயிருக்கிறது. ஆபரேட்டிங் கணக்கில் இன்றைக்கு இருப்பது 38,000. எல்லாமே ஒரே வங்கியில்.

போர்டுத் தலைவரும் தமிழர்தான். வயதில் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, எல்லாம் நம்ம பணம்தானே, எந்த டப்பாவில் இருந்தால் என்ன?" என்கிறார். அவர் ஒரு டாலர் கூடத் தொட மாட்டார் என்பது எனக்கு நிச்சயம். நான் என்ன செய்ய வேண்டும்? இதில் எனக்குச் சொந்தப் பொறுப்பு வருமா?

பதில்:

வணக்கம். வங்கி ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தீர்களே, அதற்கே முதலில் பாராட்டு. பல போர்டுகளில் பேலன்ஸ் ஷீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் ஒரு சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்); வழக்கறிஞர் அல்ல. சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வதை உங்கள் சங்கத்தின் வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

உங்கள் எண்களிலிருந்தே தொடங்கலாம். ரிசர்வில் 45,000 குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான பள்ளம் அதைவிடப் பெரியது. கூரைக்காக வந்தது 1,26,000, செலவானது 71,000. ஆக 55,000 டாலர் கூரைக்கென்று அப்படியே இருந்தாக வேண்டும். ஆனால் ஆபரேட்டிங் கணக்கில் மொத்தமே 38,000 தான் இருக்கிறது. அந்த 38,000 முழுவதும் கூரைப் பணம் என்று வைத்துக்கொண்டாலும் 17,000 டாலர் அன்றாடச் செலவில் கரைந்திருக்கிறது. ரிசர்வுக்குத் தர வேண்டிய 45,000-ஐயும் சேர்த்தால் 62,000. வீட்டுக்குக் கிட்டத்தட்ட 738 டாலர். தவிர, அன்றாடச் செலவுக்கென்று சங்கத்தின் கையில் இன்று ஒரு டாலர் கூட இல்லை. கணக்கில் தெரியும் 38,000 வேறொரு வேலைக்காக வாங்கிய பணம். கணக்குகள் கலந்திருந்ததால் இத்தனை மாதமாக இது யார் கண்ணிலும் படவில்லை. பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கலந்த கணக்கில் அவருக்கே உண்மை நிலவரம் தெரியாது. கணக்கைப் பிரிக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் முதல் காரணம் இதுதான்.

அண்ணா சொல்லும் டப்பாக் கணக்குக்கு வருகிறேன். ஒரு குடும்பத்தில் போட்டவரும் எடுப்பவரும் அனுபவிப்பவரும் ஒரே ஆட்கள். ஹெச்.ஓ.ஏ.வில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பத்து வருடம் மாதாமாதம் ரிசர்வுக்குக் கொடுத்துவிட்டு வீட்டை விற்றுப் போனவர், தான் இருந்த காலத்தில் கூரையும் சாலையும் தேய்ந்த அளவுக்கான பங்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குப் பிறகு வாங்கியவர், விற்பனை ஆவணங்களோடு வந்த ரிசர்வ் விவரத்தைப் பார்த்துத்தான் விலை பேசியிருக்கிறார். கலிஃபோர்னியாவில் விற்பவர் அந்த விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பேலன்ஸ் ஷீட்டில் 4,13,000 என்று காட்டி, கையில் 3,68,000 மட்டும் வைத்திருந்தால், அந்தப் பணத்தை எடுத்த பிறகு உங்கள் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்குத் தவறான தகவல் போயிருக்கும். யாருடைய பையிலும் பணம் போகவில்லை என்பதால் இது சரியாகிவிடாது.

ரிசர்வ் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்துக் கதைகள் வேண்டாம். 2021 ஜூன் 24 அதிகாலையில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். பழுதுபார்க்கத் தேவைப்பட்ட தொகைக்கும் ரிசர்வில் இருந்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 1.5 கோடி டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்டுக்கு அந்தச் சங்கம் ஒப்புதல் கொடுத்து, வசூல் தொடங்க இருந்த நேரத்தில் கட்டடம் விழுந்தது. இடிந்ததற்கான காரணங்கள் பொறியியல் சார்ந்தவை. ஆனால் பழுதைத் தள்ளிப் போட வைத்ததில் பணத்துக்குப் பங்கு உண்டு. அதற்கு அடுத்த ஆண்டே ஃபுளோரிடா தன் சட்டத்தை மாற்றி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்கு (அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு) கட்டமைப்பு ரிசர்வ் ஆய்வைக் கட்டாயமாக்கியது.

இப்போது உங்கள் மாநிலச் சட்டம். ஹெச்.ஓ.ஏ.க்களுக்கான டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம் கலிஃபோர்னியாவின் சிவில் கோடில் 4000-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. பட்ஜெட், கணக்கு, ரிசர்வ் பற்றிய பகுதிகள் 5300-க்கும் 5580-க்கும் இடையில் வருகின்றன. பொருளாளராக நீங்கள் 5500 முதல் 5520 வரை உள்ளதையாவது ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிட வேண்டும். அதிக நேரம் ஆகாது.

ரிசர்வ் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று 5510 சொல்கிறது. சங்கத்தின் பொறுப்பில் உள்ள பெரிய பாகங்களை, அதாவது கூரை, சாலை, வெளிப்புறப் பெயின்ட், நீச்சல் குளம் போன்று எவற்றுக்காக அந்த நிதி ஏற்படுத்தப்பட்டதோ அவற்றைப் பழுதுபார்க்க, மாற்ற, பராமரிக்க, அல்லது அவை தொடர்பான வழக்குக்குச் செலவிடலாம். வேறு எதற்கும் கூடாது. இன்சூரன்ஸ் பிரீமியமும் தண்ணீர் பில்லும் இதற்குள் வராது. பணம் வெளியே போக இரண்டு கையெழுத்து வேண்டும்: இருவரும் போர்டு உறுப்பினர்களாக இருக்கலாம், அல்லது ஒருவர் போர்டு உறுப்பினராகவும் மற்றவர் போர்டில் இல்லாத நிர்வாகியாகவும் இருக்கலாம்.

அப்படியானால் நெருக்கடி வரும்போது ரிசர்வைத் தொடவே முடியாதா? முடியும், கடனாக. அந்த வழி 5515-இல் இருக்கிறது. போர்டின் திறந்த கூட்டத்துக்கு அனுப்பும் அறிவிப்பிலேயே, ரிசர்விலிருந்து தற்காலிகமாக எடுப்பது பற்றி முடிவெடுக்கப் போகிறோம், காரணம் இது, திருப்பிக் கட்டும் வழிகள் இவை, ஸ்பெஷல் அசெஸ்மென்ட் வரலாம் அல்லது வராது என்று எழுத வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு அறிவிப்பு நான்கு நாட்களுக்கு முன்பாவது உறுப்பினர்களுக்குப் போக வேண்டும். கூட்டத்தில் ஒப்புக்கொண்டால், ஏன் எடுக்கிறோம், எப்போது எப்படித் திருப்புவோம் என்று எழுத்தில் ஒரு முடிவு மினிட்ஸில் பதிவாக வேண்டும். எடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பணம் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மறுபடி அதே மாதிரி அறிவிப்புக் கொடுத்து, தாமதம் ஏன் சங்கத்துக்கு நல்லது என்பதை ஆதாரங்களோடு பதிவு செய்து தள்ளிப்போடலாம். தேவைப்பட்டால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போட்டாவது ரிசர்வை நிரப்ப வேண்டும்.

உங்கள் மூன்று பணமாற்றங்களிலும் இவற்றில் எதுவும் நடக்கவில்லை. 5502 இன்னொன்றும் சொல்கிறது. 51 வீடுகளும் அதற்கு மேலும் உள்ள சங்கத்தில், 10,000 டாலரோ ஆண்டு பட்ஜெட் வருமானத்தில் 5 சதவீதமோ, எது குறைவோ அந்தத் தொகையை எட்டும் எந்தப் பணமாற்றத்துக்கும் போர்டின் முன் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். உங்கள் ஆண்டு வருமானம் 4,23,360 டாலர். அதில் 5 சதவீதம் 21,168. ஆகவே உங்களுக்கு வரம்பு 10,000. அந்த 9,000 டாலர் மாற்றம் இந்த ஒரு விதிக்குத் தப்பிவிடும். ஆனால் அதுவும் ரிசர்விலிருந்து வந்ததால் 5515-க்குத் தப்பாது.

நல்லவர்கள் இருக்கும் போர்டும் ஏன் இந்த வழிக்குப் போகிறது? மாதக் கட்டணத்தை ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்த உறுப்பினர் ஓட்டு வேண்டும். பட்ஜெட் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டும் ஸ்பெஷல் அசெஸ்மென்டுக்கும் ஓட்டு வேண்டும். கலிஃபோர்னியாவில் இன்சூரன்ஸ் பிரீமியம் எப்படி ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும். புதுப்பிக்கும் தேதி நெருங்கிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்க் கட்டணத்தைக் கூட்டுகிறோம் என்று சொல்லத் தயக்கம், ரிசர்விலோ நான்கு லட்சம் இருக்கிறது. யாருக்கும் வலிக்காமல் முடிந்துவிடுகிறது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதற்காகத்தான் சட்டம் இந்தக் கடனை உறுப்பினர்கள் கண் முன்னால் செய்ய வைக்கிறது.

இதைவிட அமைதியாக நடக்கும் இன்னொரு கடன் இருக்கிறது, அதை நீங்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். 84 வீடு, தலா 110 டாலர் என்றால் மாதம் 9,240 டாலர் ரிசர்வ் கணக்குக்குப் போக வேண்டும். முழுக் கட்டணமும் முதலில் ஆபரேட்டிங் கணக்கில்தான் விழும். அங்கிருந்து யாராவது மாற்றினால்தான் ரிசர்வுக்குப் போகும். கையிருப்பு இறுக்கமான மாதத்தில் அதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? பேலன்ஸ் ஷீட்டில் ரிசர்வுக்கு 9,240 வந்ததாகவும், ஆபரேட்டிங் அதை ரிசர்வுக்குத் தர வேண்டியிருப்பதாகவும் ஒரு வரி ஏறும். ரிசர்வ் வளர்ந்தது போலவே தெரியும், வங்கியில் வளர்ந்திருக்காது. உங்கள் 45,000 அந்த மூன்று மாற்றங்களால் மட்டும் வந்ததா, இப்படி விடுபட்ட மாதங்களும் இருக்கின்றனவா என்பதைக் கடந்த இரண்டு வருட வங்கி ஸ்டேட்மென்டுகளை வைத்து மாதம் மாதமாகச் சரிபாருங்கள். நிதிகளுக்கு இடையிலான பாக்கி என்ற வரி பேலன்ஸ் ஷீட்டில் எங்கே இருந்தாலும், அது எப்போது, எதனால் உண்டானது என்று கேளுங்கள். அந்த வரி பூஜ்யமாக இருப்பதுதான் ஆரோக்கியம்.

இனி எப்படிப் பிரிப்பது? உங்களுக்கு மூன்று வங்கிக் கணக்குகள் வேண்டும். ஒன்று ஆபரேட்டிங். இரண்டாவது ரிசர்வ். மூன்றாவது இந்தக் கூரை வேலைக்கு மட்டும், வேலை முடிந்ததும் மூடிவிடும் கணக்கு. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டது கூரைக்கு. அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை எடுத்து, பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்று அதில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் வேலை முடிவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். மிச்சப் பணத்தை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினால் ஆளுக்கொரு யோசனை வரும். மூன்று கணக்குகளும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் வரி எண்ணில் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கம்பெனியின் பெயரில் இருக்கும் கணக்கில் உங்கள் பணம் கிடந்தால் அதை உடனே கவனியுங்கள். நிர்வாக முகவர் சங்கத்தின் பணத்தைத் தன் பணத்தோடோ வேறு சங்கங்களின் பணத்தோடோ கலக்கக் கூடாது என்று 5380 சொல்கிறது.

கணக்குகளைப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. கைகளையும் பிரிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இது அதைவிட முக்கியம். ஒரே ஆள் பில்லை ஏற்று, பணத்தை அனுப்பி, கணக்கில் எழுதி, மாத அறிக்கையையும் தயாரித்தால், கணக்கு மூன்றாக இருந்தாலும் முப்பதாக இருந்தாலும் காவல் இல்லை. ஹெச்.ஓ.ஏ. மோசடிகளில் பணம் போகும் ஒரு வழி இது: மேலாளரோ பொருளாளரோ வங்கி ஸ்டேட்மென்டைத் தானே பிடிஎஃப்பில் திருத்தி போர்டுக்கு அனுப்புவார், போர்டு அதை நம்பும். ஆகவே உங்களுக்கும் இன்னொரு போர்டு உறுப்பினருக்கும் வங்கியின் இணையதளத்தில் பார்க்க மட்டும் அனுமதி வாங்குங்கள். ஸ்டேட்மென்ட் வங்கியிலிருந்து நேராக உங்களுக்கு வரட்டும், யார் வழியாகவும் வேண்டாம். ஆன்லைன் மாற்றங்களுக்கு ஒருவர் தொடங்க, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று வங்கியிலேயே பூட்டுப் போட முடியும். ரிசர்வ் கணக்குக்கு அதைக் கட்டாயம் செய்யுங்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து இருக்கிறதா என்று வங்கிகள் பொதுவாகப் பார்ப்பதில்லை என்பதால், காகிதத்தில் இருக்கும் விதியை மட்டும் நம்பி இருக்க முடியாது.

மாதாமாதம் போர்டு எவற்றைப் பார்க்க வேண்டும் என்று 5500 பட்டியலே தருகிறது: ஆபரேட்டிங், ரிசர்வ் இரண்டின் வங்கிச் சரிபார்ப்பு, வங்கியின் சமீபத்திய ஸ்டேட்மென்ட், பட்ஜெட்டோடு ஒப்பிட்ட வரவு செலவு, காசோலைப் பதிவு, பொதுப் பேரேடு, கட்டணப் பாக்கிப் பட்டியல். ஒவ்வொரு மாதமும் கூட்டம் போட முடியாவிட்டால், நீங்களும் இன்னொரு போர்டு உறுப்பினரும் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதை உறுதிப்படுத்தி மினிட்ஸில் ஏற்றலாம். இது சரியாக நடந்திருந்தால் முதல் 14,000 போன மாதத்திலேயே தெரிந்திருக்கும். ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டும் சங்கம் ஒரு சி.பி.ஏ.விடம் நிதி அறிக்கையை ரிவ்யூ செய்து வாங்கி, நிதியாண்டு முடிந்த 120 நாட்களுக்குள் உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். உங்கள் சங்கம் அந்த வரம்பைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. சென்ற ஆண்டு அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் இந்தக் கடன் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பது முக்கியமான தகவல்.

மோசடிக் காப்பீட்டையும் பாருங்கள். ரிசர்வும் மூன்று மாதக் கட்டண வசூலும் சேர்ந்த தொகைக்காவது அது இருக்க வேண்டும் என்கிறது 5806. உங்களுக்கு மூன்று மாத வசூல் 1,05,840. ரிசர்வ் முழுதாக 4,13,000 ஆகும்போது கூட்டினால் சுமார் 5,19,000 டாலர். கம்ப்யூட்டர் மோசடி, பணமாற்ற மோசடி, நிர்வாக முகவரின் மோசடி ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

ஒரே வங்கியில் எல்லாம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வங்கி மூழ்கினால் வைப்பைத் திருப்பித் தரும் எஃப்.டி.ஐ.சி. காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 2,50,000 டாலர் வரை. உங்கள் சங்கம் ஒரே ஒரு வைப்பாளர். 84 உறுப்பினர்கள் இருந்தாலும் ஒன்றுதான். ஆபரேட்டிங், ரிசர்வ், கூரை என்று தனித்தனிப் பெயரில் கணக்கு வைத்தாலும் அந்த வங்கியில் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். இன்று உங்களுக்கு 3,68,000-மும் 38,000-மும் சேர்ந்து 4,06,000. காப்பீடு இல்லாமல் இருப்பது 1,56,000. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி பேங்க் மூடியபோது, வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்கள் அந்த வார இறுதியை எப்படிக் கழித்தார்கள் என்பது உங்கள் துறையில் பலருக்கு நினைவிருக்கும். கடைசியில் அரசு அனைத்தையும் காப்பாற்றியது. அடுத்த முறையும் அப்படிச் செய்யும் என்று உறுதி இல்லை. ரிசர்வை இரண்டு வங்கிகளில் வையுங்கள். ஓராண்டுக்குள் தேவைப்படாத பகுதியை வெவ்வேறு தேதிகளில் முதிரும் வைப்புகளாகவோ அரசின் டிரெஷரி பில்களாகவோ போடலாம். பங்குச் சந்தைப் பக்கம் போகாதீர்கள். கூரைக்கான பணம் கூரை ஒழுகும் நாளில் முழுதாகக் கைக்கு வர வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. பெரும்பாலான சங்கங்கள் ஹெச்.ஓ.ஏ.க்களுக்கென்று உள்ள 1120-ஹெச் வரிப் படிவம் தாக்கல் செய்கின்றன. அதில் உறுப்பினர் கட்டணத்துக்கு வரி இல்லை. ரிசர்வ் வட்டி போன்ற வெளி வருமானத்துக்கு, 100 டாலர் கழிவு போக, 30 சதவீதம். ஏதாவது ஓர் ஆண்டு அந்தப் படிவத்துக்குத் தகுதி இல்லாமல் போனாலோ, மற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் சாதாரண 1120 படிவமே லாபம் என்று போனாலோ, கூரைக்கு வாங்கியது மூலதனப் பணம், வருமானம் அல்ல என்று காட்ட வேண்டி வரும். தனிக் கணக்கும் தனித் தீர்மானமும் அப்போது உங்களுக்குச் சாட்சி. கலந்து கிடந்தால் வாதாடுவது கடினம்.

சரி, பள்ளத்தை எப்படி மூடுவது? இதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த 62,000 ஒரே ஆண்டில் உண்டானது என்றால், அது ஒரு முறை வந்த விபத்து அல்ல. உங்கள் மாதக் கட்டணம் செலவுக்குப் போதவில்லை. வீட்டுக்கு மாதம் 62 டாலர் கூட்டினால் ஆண்டுக்கு 62,496 வரும். அது பள்ளம் மேலும் ஆழமாகாமல் தடுக்க மட்டும்தான் சரியாக இருக்கும். ஓட்டு இல்லாமல் போர்டு கூட்டக்கூடிய உச்சம் 20 சதவீதம், அதாவது 84 டாலர். மீதமுள்ள 22 டாலரில் ஆண்டுக்கு 22,176 கடனை அடைக்கப் போகும். ஓட்டு இல்லாமல் போடக்கூடிய ஸ்பெஷல் அசெஸ்மென்ட், உங்கள் பட்ஜெட் செலவு வருமானத்துக்குச் சமம் என்று கொண்டால், சுமார் 21,000 டாலர், வீட்டுக்கு 252. இரண்டையும் சேர்த்தால் ஓர் ஆண்டில் 43,000-க்குச் சற்று மேல். ரிசர்வின் 45,000-ஐக் கிட்டத்தட்ட எட்டிவிடும், கூரையின் 17,000 அப்படியே நிற்கும்.

என் யோசனை, இதைப் பகுதி பகுதியாக மறைத்துச் செய்ய வேண்டாம் என்பதே. கட்டணத்தை உயர்த்துங்கள், அதோடு முழுப் பள்ளத்துக்கும் ஒரு ஸ்பெஷல் அசெஸ்மென்டை உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விடுங்கள், தவணையில் கட்ட வசதி கொடுங்கள். கூட்டத்தில் கோபம் வரும். ஆனால் கூரைக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டுப் பணம் கொடுத்த மக்கள், கணக்கை முழுதாகக் காட்டினால் இன்னொரு முறையும் கொடுப்பார்கள். பாதிக் கூரை போட்ட நிலையில் கான்ட்ராக்டருக்குப் பணம் இல்லை என்று போய் நின்றால்தான் நம்பிக்கை போகும். ஓட்டு தோற்றுப் போனாலும், நான் மேலே சொன்ன அளவு வரை போர்டின் கையிலேயே அதிகாரம் இருக்கிறது. எதைச் செய்தாலும் கட்டண மாற்றத்துக்கு 30 நாளுக்குக் குறையாமல் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் சொந்தப் பொறுப்பு பற்றிக் கேட்டீர்கள். ஊதியம் வாங்காத போர்டு உறுப்பினரைக் கலிஃபோர்னியா சட்டம் நன்றாகவே காக்கிறது. நல்லெண்ணத்தோடு, சங்கத்தின் நலனுக்காக, தன் அதிகாரத்துக்குள், பெரும் அலட்சியம் இல்லாமல் நடந்துகொண்டால், சங்கம் உரிய பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கும் வரை, அந்தக் காப்பீட்டைத் தாண்டி அவர் கையிலிருந்து கேட்க முடியாது என்று 5800 சொல்கிறது. 100 வீடுகள் வரையுள்ள சங்கத்துக்கு அந்தக் காப்பீடு குறைந்தது 5,00,000 டாலர். உங்களுடையது எவ்வளவு என்று பாருங்கள். போன வருட மாற்றங்கள் நீங்கள் வருவதற்கு முன் நடந்தவை. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு பேசாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு மெலிய ஆரம்பிக்கும்.

அண்ணாவிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்கு உண்மையான கவலை என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் முதல் முறையாக இதை எடுக்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போய், வங்கி ஸ்டேட்மென்டையும் பேலன்ஸ் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "அண்ணா, உங்க மேல ஒரு சந்தேகமும் இல்ல. நாளைக்கு வேற யாராவது தலைவரா வந்து இதைத் தோண்டினா, மினிட்ஸ்ல ஒண்ணும் இல்லாததால பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். இப்பவே எழுதி வச்சிடலாம்" என்று சொல்லுங்கள். இது பயமுறுத்தல் இல்லை, உண்மை. எழுத்தில் இருந்தால் முதலில் காப்பாற்றப்படுபவர் அவர்தான். தீர்மானத்தை அவரையே முன்மொழியச் சொல்லுங்கள். அதன் வாசகம் இப்படி இருக்கலாம்:

"சென்ற நிதியாண்டில் ரிசர்விலிருந்து மூன்று முறையாக 45,000 டாலர் ஆபரேட்டிங் செலவுக்கு எடுக்கப்பட்டது. கூரை அசெஸ்மென்ட் தொகையில் 17,000 டாலர் ஆபரேட்டிங் செலவுக்குப் பயன்பட்டுள்ளது. இரண்டையும் சங்கத்தின் கடனாகப் போர்டு பதிவு செய்கிறது. இணைத்துள்ள திட்டப்படி இவை திருப்பப்படும். மீதமுள்ள 38,000 டாலர் கூரைக்கான தனிக் கணக்குக்கு மாற்றப்படும். இன்று முதல் எந்த நிதியிலிருந்தும் வேறு நிதிக்கு மாற்றம் போர்டின் முன் ஒப்புதலோடும் இரண்டு கையெழுத்தோடும் மட்டுமே நடக்கும்."

38,000-ஐ மாற்றிவிட்டால் அந்த மாதத் தண்ணீர் பில்லுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாதம் 1-ஆம் தேதி கட்டணம் வந்து சேர்ந்த பிறகு மாற்றும்படி தேதியை வையுங்கள். அதுவும் போதாது என்றால், 5515 சொல்லும் முறையில், அறிவிப்புக் கொடுத்து, ரிசர்விலிருந்து முறையான குறுங்கடன் எடுங்கள். அதே பணம்தான், இந்த முறை எல்லோருக்கும் தெரிந்து, திரும்பும் தேதியோடு.

அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் உங்கள் வேலை நிற்காது. திறந்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். தோற்றாலும் உங்கள் எதிர் ஓட்டு மினிட்ஸில் பெயரோடு பதிவாகட்டும்.

மற்ற மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்கள் மேலே சொன்ன பிரிவு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நெவாடாவும் ரிசர்வுக்கு இரண்டு கையெழுத்துக் கேட்கிறது. பல மாநிலங்களில் இவ்வளவு விரிவான சட்டம் இல்லை. அங்கே உங்கள் சங்கத்தின் விதி ஆவணங்களான சி.சி.அண்ட்.ஆர்.-உம் பைலாஸும்தான் கேள்விக்குப் பதில் சொல்லும். சட்டம் கேட்காவிட்டாலும் இதே முறையைப் போர்டு தானாகத் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ளத் தடை எதுவும் இல்லை.

இந்த வாரமே மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடந்த 24 மாத வங்கி ஸ்டேட்மென்டுகள், எல்லாக் கணக்குகளிலும் இன்று யாருக்குக் கையெழுத்து உரிமை என்பதற்கு வங்கி தந்த ஆவணம், பொதுப் பேரேடு, கூரை ஒப்பந்தமும் இதுவரை கொடுத்த பில்களும், மோசடிக் காப்பீட்டுப் பாலிசி, சென்ற ஆண்டின் சி.பி.ஏ. ரிவ்யூ, கடைசி ரிசர்வ் ஸ்டடி (ரிசர்வில் எவ்வளவு வேண்டும் என்ற ஆய்வு) ஆகியவற்றைக் கேளுங்கள். சாதாரண உறுப்பினர் கேட்டாலே நடப்பு ஆண்டுக் கணக்கை 10 வேலை நாட்களில் காட்ட வேண்டும். நீங்கள் போர்டு உறுப்பினர். சங்கத்தின் எல்லாப் புத்தகங்களையும் எந்த நியாயமான நேரத்திலும் பார்க்கவும் நகல் எடுக்கவும் கலிஃபோர்னியா கார்ப்பரேஷன்ஸ் கோடு 8334 உங்களுக்கு முழு உரிமை தருகிறது. அந்தப் பிரிவின் எண்ணை மின்னஞ்சலில் குறிப்பிட்டுவிடுங்கள், ஆவணங்கள் சீக்கிரம் வரும்.